ஞாயிற்றுக்கிழமை நட்சத்திரங்கள்

மார்ச் 4, செவ்வாய்

மகளின் போன வருட அறிவியல் நோட்டில் பின்பக்கம் முப்பது தாள் வெள்ளையாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். நர்ஸ் கொடுத்த பச்சை நோட்டு ஆஸ்பத்திரிக்கு. இது எனக்கு. கடைசியாக மகள் வரைந்திருப்பது ஒரு தவளையின் வயிறு. கல்லீரல் என்று அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறாள். தவளைக்குக்கூட என்னுடையதைவிட வழவழப்பாக இருக்கிறது.

பச்சை நோட்டில் தினமும் ஒரே வரிதான். “இன்று என் வேலைகளை நானே செய்தேன்.” கீழே கையெழுத்து. பக்கத்தில், பேனாவை எடுக்காமல் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று. கெட்டுப்போன கல்லீரல் வடிகட்டாமல் விடும் விஷம் தலைக்கு ஏற ஆரம்பித்தால் முதலில் எழுத்து கோணுமாம், நட்சத்திரம் மூடாதாம். நமக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும் என்றார் நர்ஸ். அந்த விஷத்தை இறக்கத்தான் சிரப். மூன்று வேளை குடிக்க வேண்டும். குடித்தால் மூன்று தடவையாவது வயிறு போகும், போக வேண்டும். அதோடு ஒரு மாத்திரையும் உண்டு.

நட்சத்திரம் எனக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு சட்டைக் காலர் தைக்கிறவள், முனை குத்துகிற மாதிரி தைக்கிறவள், ஒரு நட்சத்திரத்துக்கு முழி பிதுங்கினேன். மகள்தான் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். மேலே போ, கீழே இறங்கு, குறுக்கே போ. எட்டாவது தடவை வந்தது.

மார்ச் 6, வியாழன்

லைனில் நாற்பது மெஷின், ஒரு டோக்கன். நீல பிளாஸ்டிக் அட்டை, ஓட்டை போட்டுக் கயிறு கட்டியது. கதவோரம் ஆணியில் தொங்கும். ஆணியில் இருந்தால் கக்கூஸுக்குப் போகலாம், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஷிஃப்டுக்கு ஒருத்திக்கு இரண்டு தடவை. தடவைக்கு ஏழு நிமிடம். போகும் நேரமும் வரும் நேரமும் சூப்பர்வைசர் நோட்டில் ஏறும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். ஆளைப் பார்த்துப் பேசமாட்டார், சுவரில் இருப்பதைப் பார்த்துத்தான் பேசுவார்.

காலர் மெஷின் லைனின் தலைப்பக்கம். அங்கிருந்து கதவு, கதவிலிருந்து படி, படி இறங்கி இஸ்திரி அறையைச் சுற்றினால் கக்கூஸ். நடக்கவே மூன்று நிமிடம். மூன்று கதவில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

இன்று டாக்டர் சொன்னபடி காலையும் குடித்தேன், மதியமும் குடித்தேன். பதினொரு மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டரைக்கு ஒரு தடவை. தீர்ந்தது என் பங்கு. இரண்டு மணிக்கு மறுபடி. போய் நின்றேன். கடிகாரம் சுவரைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு முடிஞ்சுதேம்மா” என்றார்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று இரண்டு மணிக்குப் பிறகு நடந்ததை எழுதப் போவதில்லை. ஐந்து மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். வேலை நாளில் காலையும் மதியமும் சிரப் வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒரு வேளை மட்டும். விட்டுப்போனதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துக் குடித்துவிட்டால் போகிறது. வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு அளவு இருக்கும் இல்லையா, அது உள்ளே போனால் சரிதானே. வீட்டில் கக்கூஸ் நாலு குடித்தனத்துக்குப் பொது என்றாலும் டோக்கன் கிடையாது.

இதை டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார்? வேலையை விடு என்பார். வேலையை விட்டால் கம்பெனி கொடுத்த ஆஸ்பத்திரி அட்டை போகும். அட்டை போனால் டாக்டரும் கிடையாது, சிரப்பும் கிடையாது. சரி, கம்பெனியில் சொல்லலாமா? போன வருடம் பட்டன் மெஷினில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தது. உடம்பு சரியானதும் வா என்று அன்பாக அனுப்பிவைத்தார்கள். இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது.

இன்று முழுக்கக் கக்கூஸும் கையுமாக இருந்தேன். சாயங்காலம் தலை துடைத்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தெளிவோடு பச்சை நோட்டை எடுத்தேன். வியாழன், வெள்ளி, சனி எழுதாமல் விட்டிருந்தேன், அதையும் இன்றே எழுதினேன். எழுத எழுத ஆசை வந்தது. புதனன்று எழுதியது கொஞ்சம் கோணியிருந்தது, அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் திருத்தமாக மறுபடி எழுதினேன். வரிசையாக நட்சத்திரங்கள். அச்சில் வார்த்த மாதிரி.

தப்புதான். தெரிகிறது. ஆனால் கோணலாக எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்து, “இவள் வேலைக்கு லாயக்கில்லை” என்று யாராவது ஒரு சீட்டு எழுதிவிட்டால்?

மார்ச் 16, ஞாயிறு

ஏழு வரி, ஏழு நட்சத்திரம். வெவ்வேறு பேனாவில் எழுதினேன். நீலம் மூன்று நாள், கறுப்பு நாலு நாள். திருட்டுக்கும் ஒரு தொழில்நேர்த்தி வேண்டும்.

மார்ச் 19, புதன்

பகலில் தூக்கம் கண்ணைச் சொருகுகிறது, படுத்தால் வரமாட்டேன் என்கிறது. பக்கத்து மெஷினில் இருக்கும் கண்ணாடி அக்கா (மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பாள்) தொடையில் கிள்ளி எழுப்பினாள். வீட்டுக்காரர் தூங்கவிடுவதில்லையா என்று கேலி. சிரித்தேன். பத்து வருடமாகப் பக்கத்தில் உட்காருகிறவளிடம்கூட இதைச் சொல்லவில்லை. ஒரு நாள் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம், மறுநாள் அவள் டப்பாவை நகர்த்தி வைத்துக்கொண்டால் நான் தாங்கமாட்டேன். என் ரத்தத்தில் இருப்பது காமாலைக் கிருமி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று டாக்டர் எனக்குச் சொன்னார். லைனில் வந்து நாற்பது பேருக்குச் சொல்லுவாரா?

மார்ச் 27, வியாழன்

ஆஸ்பத்திரி. அரை நாள் லீவு, காரணம் பல் வலி.

குடிப்பியா என்று இன்று ஒருவர் கேட்டார், சின்ன டாக்டர். முதலில் கேட்டது சீட்டு எழுதுகிறவர், பிறகு ரத்தம் எடுக்கிறவர், ஸ்கேன் எடுக்கிறவர், அட்மிட் செய்தவர், பெரிய டாக்டர். இவரோடு ஆறு. என் வீட்டுக்காரர் பெயிண்ட் காய்ந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “அவ சோடாவே குடிக்க மாட்டா சார்” என்றார். அவரை ஒரு பார்வை பார்த்தார்கள், அப்போ நீ குடிப்பாய் என்கிற மாதிரி. அவருடைய அண்ணன் இருபது வருடமாகத் தினமும் ஊற்றிக்கொள்கிறார். அவர் கல்லீரல் கருங்கல். ஒருவரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

பெரிய டாக்டர் பச்சை நோட்டைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. எழுத்து மணி மணியாக இருக்கிறது, சிரப் நன்றாக வேலை செய்கிறது, இனி அந்த மாத்திரை வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார். நர்ஸ் தோளைத் தட்டி, “எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லக்கா” என்றார்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். நான் யார் காதில் பூ சுற்றினேன்?

ஏப்ரல் 2, புதன்

மாத்திரை நிறுத்தி ஆறு நாள். காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து ஒரு கட்டு முழுக்க ஓட்டியிருக்கிறேன். இருபத்தைந்து சட்டை. செக்கிங்கில் இருந்து திரும்பி வந்து என் மடியில் விழுந்தது. கடிகாரம் சுவரை நீளமாகப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் அக்கா பாதியை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என்ன பிறவி நான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

படி ஏறி வந்து, கதவில் நின்று, என் மெஷின் எந்தப் பக்கம் என்று யோசித்தேன். ஒரு நொடிதான். பத்து வருடம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையிலிருந்து சிரப்தான். இந்தத் தடவை தெளியவில்லை. கை இலை மாதிரி ஆடுகிறது. மதியம் வரை பார்த்தேன், சாயங்காலம் வரை பார்த்தேன். முதல் நட்சத்திரம் மூடவில்லை. இரண்டாவது நட்சத்திரமே இல்லை, நசுங்கிய பூச்சி.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். நீ போடு என்றேன்.

அவள் பச்சை நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினாலு வயது, மண்டு இல்லை. “இது உன்னோட கைதானான்னு பாக்கத்தானேம்மா தந்தாங்க?”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உன்னைப் படிக்க வைக்கத்தான் அங்கே போய் உட்காருகிறேன் என்றெல்லாம். அவள் உட்கார்ந்து ஆறு நட்சத்திரம் போட்டாள், ஆறு வரி எழுதினாள், என் எழுத்து மாதிரியே. ஏழாவது வரிக்குப் பேனாவை என் பக்கம் தள்ளினாள். அழுதுகொண்டிருந்தாள். இதையாவது நீ எழுது என்றாள்.

எழுதவில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

மகள் என்னோடு பேசவில்லை. டப்பாவை மட்டும் கையில் கொடுத்தாள்.

ஏப்ரல் 16 புதன் செவ்வாய்

இன்று என் வேலைகளை நானே செய்தேன். இன்று என் வேலைகளை என் காலர்களை. ஊசி எங்கே வைத்தேன் மகள் வந்துவிட்டாளா. இங்கேதான் இருக்கிறாள். பச்சை தவளை. டோக்கன் ஆணியில் இல்லை நான்தான் வைத்திருக்கிறேன் நான்தான் வைத்தி

ஏப்ரல் 21, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டில். ஜன்னல் பக்கம். மகள் இந்த நோட்டைக் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மேலே இருக்கும் புதன்கிழமை எழுத்து என்னுடையதுதானாம். வேலைக்குக் கிளம்பும் முன் நின்றுகொண்டே எழுதினேனாம். எனக்கு நினைவில்லை. எழுத்து சாய்ந்து சாய்ந்து தாளை விட்டே இறங்கிவிட்டது.

மூன்று நாள் நான் இல்லை. இருந்தேன், ஆனால் இல்லை.

கண்ணாடி அக்கா நேற்று வந்து சொன்னாள். புதனன்று பத்து மணிக்கு டோக்கனை எடுத்துக்கொண்டு போனேனாம். இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை. தேடிப்போனால் இஸ்திரி அறைச் சுவரைப் பார்த்து, டோக்கனை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கிறேனாம். எந்தப் பக்கம் போவது என்று அவளையே கேட்டேனாம். லைனுக்குக் கூட்டி வந்தாள். நாக்குக் குழறியிருக்கிறது, கால் பின்னியிருக்கிறது. கடிகாரம் முதல் தடவையாகச் சுவரை விட்டு என்னைப் பார்த்தாராம். கிட்டே வந்து மோந்தாராம்.

“இனிப்பா ஏதோ வாடை வருது. வாய ஊது.”

மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. நாற்பது பேருக்கு முன்னால் நான் ஊதினேன். அக்கா அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். சிரித்துக்கொண்டே ஊதினேனாம், குழந்தை பலூனை ஊதுகிற மாதிரி.

பின்னால் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண் விழித்தபோது என் மேல் இருந்த துணி என்னுடையது இல்லை, அவள் லாக்கரில் மாற்றுக்கு வைத்திருக்கும் பூப்போட்ட துணி. அதுவே போதும் எனக்கு.

அந்த வாடை கல்லீரல் வாடை என்று டாக்டர் சொன்னார். சாராயம் இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல? ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் பெயரை நீக்கிவிடுவோம் என்று கம்பெனியிலிருந்து தாள் வந்திருக்கிறது. காரணம்: வேலை நேரத்தில் போதை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மகள் செய்த வேலை! நான் தூங்கும்போது இந்த நோட்டை எடுத்துக்கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்திருக்கிறாள். தவளையிலிருந்து ஆரம்பித்து எல்லாம் படித்துவிட்டார். கக்கூஸ், பல் வலி, அவருடைய தோள் தட்டல், எல்லாம். ஆத்திரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. உன்னை யார் கொடுக்கச் சொன்னது என்றேன். அவள் அசையவில்லை. “நீ செத்துப்போயிருந்தா அந்த ஆறு நட்சத்திரம் நான் போட்டதும்மா” என்றாள்.

கட்டிப்பிடித்துக்கொண்டேன். கையில் ஊசி குத்தியிருந்தது, வலித்தது, விடவில்லை.

ஏப்ரல் 23, புதன்

நர்ஸ் நோட்டோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவும் செய்தார். சேர்த்துக் குடிக்கிறதா, இது என்ன வீட்டுத் தொட்டியா, ஒரு நாள் நிரப்பி வைத்து ஆறு நாள் மொண்டுகொள்ள, விஷம் அன்றன்றைக்கு ஊறும், அன்றன்றைக்கு இறங்க வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஏன்க்கா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்றார்.

நான் யோசித்துப் பேசவில்லை. வந்துவிட்டது.

“குடிப்பியான்னு ஆறு பேர் கேட்டீங்க சிஸ்டர். நீ வேல பாக்குற எடத்துல கக்கூஸ் போக விடுவாங்களான்னு ஒருத்தர்கூட கேக்கலயே.”

அவர் நோட்டை மூடினார், திறந்தார். தவளைப் பக்கத்தில் போய் நின்றது. நான்தான் பாவம் பார்த்து, தவளை நல்லா வரைஞ்சிருக்கா இல்ல என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பெரிய டாக்டர் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கத் தயார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். ஏன் பொய் எழுதினாய் என்று கேட்கவில்லை, ஆனால் கையில் வைத்திருந்த சீட்டில் நான் வேலை செய்யும் இடத்தில் எத்தனை படி, எத்தனை நிமிடம் நடை என்று கேட்டு எழுதிக்கொண்டார். அது போதும்.

சிக்கல் வேறு. போதை இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்றால் என்ன வியாதி என்று எழுத வேண்டும். வெறுமனே உடம்பு சரியில்லை என்று எழுதினால் குடிகாரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கல்லீரல், கிருமி என்று எழுதினால் நாளைக்கே லைன் முழுக்கத் தெரியும். ஆபீஸில் எது ரகசியம்? நர்ஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், எழுதவா, வேண்டாமா என்று.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்றைக்கு வாய் திறந்தார்? இன்று திறந்தார். “நீ ஊதினத மட்டும்தான் அவங்க பாத்திருக்காங்க. மிச்சத்தையும் பாக்கட்டும்.”

எழுதுங்க சிஸ்டர் என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ஆபீஸில் மேடம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முதல் தடவை வேகமாக, இரண்டாவது தடவை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு. நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் கடிகாரம். அவர் பார்க்க இந்த அறைச் சுவரில் கடிகாரம் இல்லை, பாவம், தரையைப் பார்த்தார்.

இவ்வளவு நாள் மறைத்தது தப்பு என்றார் மேடம். ஆமாம் என்றேன். போதை என்று எழுதியது தப்பு என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்தத் தாளை மட்டும் என் கண் முன்னால் கிழித்தார்.

வேகமான மெஷினில் இனி உட்கார முடியாது, ஊசியில் விரல் போனால் யார் பொறுப்பு என்றார். கதவோரம் நூல் வெட்டும் மேஜைக்குப் போகலாம், அங்கே ஹெல்பர் நிலை. அட்டை இருக்குமா என்று கேட்டேன். இருக்கும். கக்கூஸ்? கடிதத்தில் இருப்பதால் உனக்குக் கணக்கு இல்லை என்றார்.

டெய்லராக உள்ளே போனேன், ஹெல்பராக வெளியே வந்தேன். பத்து வருடம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது உட்கார்ந்த அதே மேஜை. படியில் உட்கார்ந்து அழுதேன், வாய்விட்டு. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுப் போய் நூல் வெட்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

நினைத்தபடியே ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் எனக்கு இரண்டு பக்கமும் இடம். நாற்பது பேருக்கு நெருக்கியடிக்கும் மேஜை, எனக்கு மட்டும் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளைக்கு விட்ட மாதிரி இடம். பாக்கெட் தைக்கும் பெண் என் தண்ணீர் பாட்டில் பட்ட இடத்தைத் துணியால் துடைத்தாள், நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும்.

கண்ணாடி அக்கா எதிர்க்கோடியிலிருந்து எழுந்து வந்தாள். என் டப்பாவைத் திறந்து, என் ஸ்பூனையே எடுத்து, ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மென்றாள். எல்லாரும் பார்த்தார்கள்.

“உப்பே இல்லடி” என்றாள்.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். அப்படியானால் நாளையிலிருந்து என் டப்பாவில் உனக்கு ஒன்றும் கிடையாது என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. இரண்டு பேர் என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாக்கெட் பெண் நகரவில்லை. பார்ப்போம்.

மே 5, திங்கள்

காலர் மெஷினில் ஒரு புதுப் பெண். முனை மழுங்கித் தைக்கிறாள். வெட்டும்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது. சொல்லலாமா? என் வேலை இல்லை. மதியம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 9, வெள்ளி

மூன்று வேளை சிரப். இன்று நாலு தடவை. யாரையும் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய சுதந்திரத்தை எந்த ராணி அனுபவித்தாள்?

மே 12, திங்கள்

நூல் வெட்டும் மேஜைக்கு நேர் மேலே இருக்கிறது அந்த ஆணி. டோக்கன் என் தலைக்குமேல் ஆடுகிறது. கடிகாரம் இன்று வந்து, அவருக்கு வேலை அதிகமாம், நீ கதவோரம்தானே சும்மா உட்கார்ந்திருக்கிறாய், இனி டோக்கன் நோட்டை நீ எழுது என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். யார், எத்தனை மணிக்குப் போனாள், எத்தனை மணிக்கு வந்தாள். ஏழு நிமிடம் தாண்டினால் சிவப்பு மை.

நானா? என்னிடமா? நோட்டைத் தொடவே அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் வரை திறக்கவில்லை. கடைசி மணிக்கு முன்னால் அக்கா (பச்சை நோட்டுக் கதையை அவளிடம் சொல்லிவிட்டேன்) வந்து டோக்கனைத் தொங்கவிட்டு, என் முகத்தையும் நோட்டையும் பார்த்து, “எழுதுறதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே” என்றுவிட்டுப் போனாள்.

மே 14, புதன்

டோக்கன் நோட்டில் இன்று:

பட்டன் பெண், போனது 9.10, வந்தது 9.17.
கண்ணாடி அக்கா, போனது 9.40, வந்தது 9.47. (உண்மையில் பதினைந்து நிமிடம். முட்டி வலி, படி இறங்க நேரமாகும்.)
புதுக் காலர் பெண், 10.05, 10.12.
பாக்கெட் பெண், 10.30, 10.37.

பாக்கெட் பெண் மதியத்துக்குள் மூன்றாவது தடவை வந்து நின்றாள். இரண்டு முடிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். முகம் வெளுத்திருந்தது. வயிறா என்று கேட்டேன். தலையாட்டினாள், என்னைப் பார்க்காமல். டோக்கனை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் விரல் என் விரலில் பட்டது, இழுத்துக்கொள்ளவில்லை, அவளுக்கு அவசரம். அதை எங்கேயும் எழுதவில்லை.

சாயங்காலம் கடிகாரம் நோட்டைப் புரட்டினார். நாற்பது பேர், எல்லாம் ஏழே நிமிடம். பார்த்தார், என்னையும் பார்த்தார். லைன் ஒழுங்காகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு நடுவில், மதியம் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும், பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்தேன். இப்போதெல்லாம் அன்றன்றைக்கு எழுதுகிறேன், நினைவு வருகிற இடத்திலேயே. இன்று என் வேலைகளை நானே செய்தேன். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. நட்சத்திரத்தில் கீழ் முனை ஒன்று சேரவில்லை, ஒரு நூல் இடைவெளி.

நாளைக்கு நர்ஸ் பார்ப்பார். அப்படியே விட்டுவிட்டு மூடினேன்.